பட்டிக்கு முன்னே டிங்கரிங்

தமிழ்ப் பேச்சில் 'பட்டி டிங்கரிங்' என்னும் தொடர் கார்ப் பட்டறையை விட்டு வெளியேறி நெடுநாளாகிறது. விசேஷ வீட்டுக்குப் புறப்படுமுன் முகத்துக்கு அதிகமாகப் பூசிக்கொள்பவரும், குண்டும் குழியுமான சாலைக்கு மேலோட்டமாகத் தார் ஊற்றிவிட்டுப் போகும் ஒப்பந்தக்காரரும் இன்று அத்தொடராலேயே கேலி செய்யப்படுகின்றனர். குறையை நீக்காமல் மறைப்பது என்பதே அதன் பொருளாக நிலைத்துவிட்டது. இதில் கவனிக்கத்தக்கது சொற்கள் நிற்கும் வரிசை. டிங்கரிங் என்பது நசுங்கிய தகட்டைத் தட்டியும் நெம்பியும் பழைய வளைவுக்கே கொண்டுவரும் வேலை. பட்டி என்பது அதற்குப் பின்னரும் எஞ்சி நிற்கும் மெல்லிய பள்ளங்களில் நிரப்பித் தேய்க்கும் பசை. தொழிலில் டிங்கரிங் முன்னே, பட்டி பின்னே. பேச்சிலோ பட்டி முந்திக்கொண்டது. வீட்டு வாசலிலேயே தம் காரின் சொட்டையையும் கீறலையும் சரிசெய்துகொள்ள முற்படுவோர் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, பேச்சிலுள்ள இந்த வரிசையை வேலையிலும் கடைப்பிடிப்பதால் விளைபவை.

மதுரைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 8 கி.மீ. தொலைவில் குன்றைச் சுற்றி வளர்ந்துள்ள திருப்பரங்குன்றமும், அதனை ஒட்டிய பசுமலை, திருநகர், ஹார்விபட்டி, விளாச்சேரி ஆகிய பகுதிகளும் இத்தகைய வேலைக்கு இடம் கொடுப்பவை. தனி வீடு, இரும்புக் கேட், கேட்டுக்கும் நிலைவாசலுக்கும் நடுவே ஒரு வண்டி நிற்குமளவு போர்ட்டிகோ என்னும் அமைப்பு இங்கே பரவலாக உண்டு. சேதமும் அந்த அமைப்பிலிருந்தே பிறக்கிறது. ஸ்கூட்டர் காலத்தில் அளவெடுத்துக் கட்டப்பட்ட வாசலில் இன்றைய அகலமான காரைத் திருப்பி ஏற்றும்போது பின்கதவு கேட் தூணில் உராய்கிறது. தைப்பூசம், பங்குனித் தேரோட்டம், வைகாசி விசாகம், கார்த்திகைத் தீபம் என்று ஊர் நிரம்பும் நாள்களில், சந்துகளில் நிறுத்தப்பட்ட கார்களின் ஓரத்தை இருசக்கர வண்டிகளின் ஹேண்டில் முனையும் பிரேக் நெம்புகோலும் தடவிக்கொண்டு போவது வழக்கமான காட்சி. இவை பெரிய விபத்துகள் அல்ல. கையளவுச் சொட்டை, முழ நீளக் கீறல் என்ற அளவில் நிற்பவை.

இந்த அளவிலான சேதத்துக்குக் காப்பீட்டை நாடுவது எப்போதும் இலாபமாக இருப்பதில்லை. ஓராண்டு முழுவதும் இழப்பீடு கோராத உரிமையாளருக்குச் சொந்தச் சேதத்துக்கான கட்டணத்தில் 20 விழுக்காடு தள்ளுபடி கிடைக்கிறது. அது அடுத்தடுத்த ஆண்டுகளில் 25, 35, 45 என ஏறி ஐந்தாம் ஆண்டில் 50 விழுக்காட்டை எட்டுகிறது. ஒரு சிறு சொட்டைக்காக விண்ணப்பித்தால் இந்த ஏணியின் அடிப்படிக்கு இறங்க நேரிடும். பம்பர் போன்ற பிளாஸ்டிக் உறுப்புகளின் விலையில் பாதியைத் தேய்மானம் என்று கழித்துவிடும் முறையும், கூடுதல் கட்டணம் செலுத்தி அதைத் தவிர்த்திராத சாதாரணக் காப்பீட்டில் உள்ளது. ஆகவே கணக்குப் பார்க்கத் தெரிந்தவர் தெருமுனைப் பட்டறைக்குப் போகிறார், அல்லது உப்புத்தாளும் பெயிண்டுக் குப்பியும் வாங்கிக்கொண்டு தாமே இறங்குகிறார்.

இறங்குமுன் அறிய வேண்டியது, காரின் மேல் இருப்பது ஒரே பூச்சு அன்று என்பது. பெரும்பாலான கார்களின் வெளித்தகடு 0.6 முதல் 0.8 மி.மீ. வரை தடிமனுள்ள எஃகு. ஆலையில் அதன்மேல் முதலில் பாஸ்பேட் படலம் ஏற்றப்படுகிறது. பின்னர் உடற்கூடு முழுவதும் பெயிண்டுத் தொட்டியில் முக்கப்பட்டு, மின்சாரத்தின் துணையால் இடுக்கு விடாமல் ஒரு துருத்தடுப்புப் பூச்சு படியவைக்கப்படுகிறது. அதற்கு மேல் பிரைமர் எனப்படும் பிடிமானப் பூச்சு, அதற்கு மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் நிறமற்ற கண்ணாடி போன்ற கிளியர் கோட். இத்தனையும் சேர்ந்தே 100 முதல் 150 மைக்ரான்தான். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதால், வெயிலையும் மழையையும் தாங்கி நிற்கும் முழுக்கவசமும் ஏறத்தாழ இரண்டு முடிகளின் கனமே. கண்ணில் படும் நிறமோ அதில் 15 மைக்ரான் அளவே.

கீறலின் ஆழத்தை அளக்க இந்த அடுக்கு அறிவே போதும். கீறலின் மேல் சிறிது தண்ணீர் தெளித்ததும் அது மறைந்துபோனால், காயம் கிளியர் கோட்டோடு நின்றுவிட்டது என்று கொள்ளலாம். ரப்பிங் காம்பவுண்ட் எனப்படும் மிக நுண்ணிய தேய்ப்புப் பசையால் மெல்லத் தேய்த்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். நகத்தை மெல்ல ஓட்டும்போது அது தடுக்கிவிழுந்தால் ஆழம் கூடுதல். சாம்பல் நிறம் தெரிந்தால் பிரைமர் வரை போயிருக்கிறது. வெள்ளிபோல் மின்னினால், அல்லது ஒரு மழைக்குப் பின் அங்கே காவி நிறம் படர்ந்தால், தகடே வெளிப்பட்டுவிட்டது. கேட் தூணில் உரசிய அடையாளங்களில் பல, தூணின் பெயிண்டு காரில் ஒட்டிக்கொண்டதே தவிர காரின் பெயிண்டு போனதன்று. தின்னரில் நனைத்த துணியை அவசரப்பட்டு அழுத்தித் தேய்த்து நல்ல பூச்சையும் கரைத்துவிடுவோர் இதை ஒரு கணம் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆலையிலேயே சூளையில் வேகவைக்கப்படும் இப்பூச்சுகளுக்கு முந்திய காலத்தில், கார்களுக்கும் குதிரை வண்டிகளைப்போல வார்னிஷ்தான். தூரிகையால் பூசி, காயவைத்து, தேய்த்து, மீண்டும் பூசி, ஒரு வண்டி முடிய வாரக்கணக்கில் ஆகும். 1923இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் 'டூகோ' என்ற பெயரில் கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் அந்த வாரங்களைச் சில நாள்களாக்கியது. ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் காரில் நீல நிறமாக அது முதலில் ஏறியது. பருத்திப் பஞ்சின் நாரை அமிலத்தில் ஊறவைத்துப் பெறப்படும் பொருள்தான் அந்த லேக்கருக்கு மூலம் என்பது, பஞ்சாலை நகரமான மதுரைக்குச் சற்றே வேடிக்கையான செய்தி. வணிகப் பெயர் பொதுப்பெயராகி, மர அலமாரிக்கு ஸ்பிரே அடிப்பதையும் 'டூகோ அடிப்பது' என்று சொல்லும் வழக்கம் தச்சர்களிடம் இன்றும் நிற்கிறது.

மதுரையின் மோட்டார்த் தொழில் பழையது. டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1911இல் இந்நகரில் தொடங்கிய நிறுவனம் பேருந்து, லாரி, உதிரிபாகம் என்று விரிந்தது. 1972இல் பேருந்துகள் அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது. பணிமனைகள் பெருகிய ஊரில் தகர வேலை அறிந்த கைகளும் பெருகுவது இயல்பு. 1957 முதல் 2014 வரை வந்த அம்பாசடரின் கனத்த தகடு, அடித்த இடத்தில் அடங்கி நின்று, அக்கைகளுக்கு ஏற்ற பொருளாக இருந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபின் தகடு மெலிந்தது. அதன்பின் எஃகின் வலிமை கூடிக் கனம் மேலும் குறைந்தது. பழைய சுத்தியல் அடியை இன்றைய கதவில் அடித்தால் சொட்டை போகாது, தகடு இழுபட்டு வீங்கும்.

சொட்டை எப்படி விழுகிறது என்பதைப் பாத்திரத்துக்கு ஒடுக்கு எடுப்போர் நன்கறிவர். குடம் தரையில் விழுந்ததும் ஓரிடத்தில் மடிப்பு விழுகிறது. அந்த மடிப்பு பிடித்து இழுப்பதால் சுற்றியுள்ள பகுதியும் உள்வாங்குகிறது. காரின் கதவிலும் இதே கதைதான். இடிபட்ட புள்ளியில் மட்டுமே உலோகம் நிலையாக உருமாறியிருக்கும். சுற்றியுள்ள அகன்ற பள்ளம், விட்டால் திரும்பிவிடக் காத்திருக்கும் வில்லைப் போன்றது. பள்ளத்தின் நடுவில் ஓங்கி அடிப்பது எனவே தவறு. இடி எந்த வரிசையில் பரவியதோ அதற்குத் தலைகீழ் வரிசையில், கடைசியில் உண்டான வெளிவிளிம்பு மேட்டிலிருந்து தொடங்கி, கதவின் உட்புறத் துளை வழியே டாலி எனப்படும் இரும்புக் கட்டையை வைத்து, வெளியே சிறு சுத்தியலால் மெல்லத் தட்டி, நடுவை நோக்கி வர வேண்டும். உட்புறம் கை எட்டினால் மட்டுமே இது வீட்டில் இயலும். உள்ளே இரட்டைத் தகடு உள்ள இடங்களில் பட்டறைக்காரர் வாஷரைத் தகட்டில் பற்றவைத்து வெளியே இழுக்கிறார். அது வீட்டு வேலை அன்று. கதவுத் தூண்கள், கதவுக்குக் கீழே ஓடும் அடிச்சட்டம், சேசிஸ் ஆகியவை விபத்தில் உயிர் காக்கும் உறுப்புகள் என்பதால், அவற்றில் விழுந்த அடி எவ்வளவு சிறியதாகத் தோன்றினாலும் போர்ட்டிகோவில் கை வைக்கத்தக்கதன்று.

பிளாஸ்டிக் பம்பரின் கதை வேறு. பாலிபுரொப்பிலீனால் ஆன பம்பர் கொதிநீர் பட்டதும் இளகும். மடங்காமல் உள்வாங்கிய இடத்தில் வெந்நீர் ஊற்றி, உட்புறமிருந்து கையுறை அணிந்த கையால் தள்ளினால் பல சமயம் ஒலியெழுப்பித் திரும்பிவிடுகிறது. இவ்வேலையில் இதைவிடச் சுலபமான வெற்றி வேறில்லை. ஆனால் அதன்மேல் நிறம் ஏற்றுவது கடினம். அந்த பிளாஸ்டிக்கில் எதுவும் எளிதில் ஒட்டாது என்பதால், அதற்கெனவே உள்ள பிளாஸ்டிக் பிரைமரை முதலில் அடிக்காவிட்டால் சில மாதங்களில் பெயிண்டு உறையாகவே உரிந்துவரும். பம்பருக்குள் ராடார் உணரி பொருத்தப்பட்ட புதிய வகைக் கார்களில் பட்டியும் கனத்த பூச்சும் அந்த உணரியின் பார்வையையே கெடுக்கக்கூடும் என்பதால் அவற்றை விட்டுவிடுவதே முறை.

துரு வெளியிலிருந்து வருவதாகத் தோன்றினாலும் பெரும்பாலும் உள்ளிருந்து வருகிறது. கதவின் கண்ணாடி வழியே இறங்கும் மழைநீர் வெளியேறக் கதவின் அடியில் சிறு துளைகள் உள்ளன. வேப்ப மரத்தடியில் நிற்கும் வண்டியில் சருகும் பூவும் சேர்ந்து அத்துளைகளை அடைத்துவிட, தேங்கிய நீர் அடிமடிப்பை உள்ளிருந்து தின்கிறது. இரும்பு துருவாகும்போது பருமன் பல மடங்கு பெருகுவதால் பெயிண்டு கொப்புளமாக எழும்பும். கொப்புளத்தைச் சுரண்டி அதன்மேலேயே பட்டி வைப்பது பல் சொத்தையின் மேல் சுண்ணாம்பு அடைப்பது போன்றது. மின்னும் உலோகம் வரும்வரை தேய்த்து, குழியில் எஞ்சியதைத் துரு மாற்றித் திரவத்தால் நடுநிலையாக்கி, உடனே எபாக்சி பிரைமர் இட வேண்டும். விரலால் அழுத்தித் துளை விழுந்தால் அந்தப் பகுதியை வெட்டிப் புதுத் தகடு பற்றவைக்க வேண்டும்.

தகடு நிமிர்ந்தபின் எஞ்சும் பள்ளம் 2 அல்லது 3 மி.மீட்டருக்குள் அடங்கியிருந்தால் மட்டுமே பட்டிக்கு வேலை உண்டு. சேதப் பகுதியில் 80ஆம் எண் உப்புத்தாளால் பெயிண்டைத் தேய்த்து எடுக்கும்போது, ஒவ்வோர் அடுக்கும் வெவ்வேறு நிற வளையமாக, மரத்தை அறுத்ததும் தெரியும் ஆண்டு வளையங்களைப்போல வெளிப்படும். நடுவில் எஃகு, சுற்றிச் சாம்பல், அதைச் சுற்றி நிறம், கடைசியில் மங்கலான கிளியர் கோட். அந்த வளையங்கள் ஒவ்வொன்றும் ஒரு விரல் அகலத்துக்கு விரியும்வரை, எண் ஏற ஏற மென்மையாகும் தாள்களால் விளிம்பைச் சரிவாக்க வேண்டும். விளிம்பு செங்குத்தாக நின்றால், எத்தனை பூச்சு அடித்தாலும் அந்தக் கோடு மேலே தெரிந்துகொண்டே இருக்கும்.

பாலியஸ்டர் பட்டி டப்பாவும் அதை இறுகவைக்கும் ஹார்டனர் குழாயும் சேர்ந்தே விற்கப்படுகின்றன. நூறு கிராம் பட்டிக்கு இரண்டு கிராம் ஹார்டனர் என்பது பொதுக் கணக்கு. எலுமிச்சம்பழ அளவு பட்டிக்கு இரண்டு மூன்று பட்டாணி அளவு போதும். சிவப்பு அல்லது நீல நிறத்திலுள்ள ஹார்டனர் கோடுகோடாகத் தெரியாமல் ஒரே நிறமாகும்வரை, தட்டையான பலகையில் தகட்டால் மடித்து மடித்துக் குழைக்க வேண்டும். கிண்டினால் காற்றுக் குமிழி சேர்ந்து பின்னர் ஊசித்துளைகளாகும். குழைத்தபின் நான்கைந்து நிமிடம்தான் கையில் இருக்கிறது, சித்திரை வெயிலில் அதுவும் இல்லை. இட்லி மாவுப் பதத்தில் இருந்தது பார்த்துக்கொண்டிருக்கும்போதே புட்டாக உதிரத் தொடங்கினால் அதைத் தூக்கியெறிய வேண்டுமே தவிர தின்னர் விட்டு இளக்கக் கூடாது. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டுவோர் உண்டு. ஹார்டனரிலுள்ள பெராக்சைடு எஞ்சி, மேலே ஏறி, வெள்ளைக் காரில் மஞ்சள் கறையாகத் தலைகாட்டும்.

தேய்க்கும்போது தாளை விரலால் பிடித்தால் விரல்களின் தடமே பள்ளமாகும். ரப்பர்க் கட்டையோ மரக்கட்டையோ வேண்டும். தெருவோரப் பட்டறைகளில் தூசி பறக்காதிருக்கத் தண்ணீர் ஊற்றிப் பட்டியைத் தேய்க்கும் வழக்கம் உண்டு. அது ஆளின் நுரையீரலுக்கு நல்லது, வண்டிக்குக் கெட்டது. பாலியஸ்டர் பட்டி நீரை உறிஞ்சிக்கொள்ளும், அந்த ஈரம் மேலே பூச்சு மூடியபின் கொப்புளமாகவும் துருவாகவும் வெளிப்படும். பட்டியை உலர்வாகவே தேய்க்க வேண்டும், முகமூடி அணிய வேண்டும். முடிந்ததா என்று அறிய, அனுபவமுள்ளவர்கள் கண்ணை நம்புவதில்லை. மெல்லிய பருத்தித் துணியைப் பரப்பின் மேல் இட்டு, கண்ணை மூடி, உள்ளங்கை முழுவதையும் சேதமில்லாத பகுதியிலிருந்து தொடங்கிச் சேதப் பகுதியின் மேல் நீள ஓட்டுவர். கண்ணுக்குத் தட்டையாகத் தெரிந்தது கைக்கு மேடாகத் தட்டுப்படும்.

பட்டிக்கு மேல் பிரைமர். ஜன்னல் கம்பிக்கும் கேட்டுக்கும் அடித்து மிச்சமான ரெட் ஆக்சைடு வீட்டில் இருக்கிறதே என்று அதையே பயன்படுத்துவது இங்கே அடிக்கடி நேரும் பிழை. எண்ணெய் அடிப்படையிலான அந்தப் பூச்சின் மேல் லேக்கர் வகைப் பெயிண்டை அடித்ததும், அதிலுள்ள வீரியமான தின்னர் அடிப்பூச்சைக் கிளப்பி, பால் ஆடைபோல் சுருங்கவைத்துவிடும். விளாச்சேரியில் கொலு பொம்மைக்கு வண்ணம் தீட்டுவோர் மண்ணின் மேல் வெள்ளை அடிப்பூச்சு இட்டு வழவழப்பாக்கிய பின்னரே நிறத்தைத் தொடுகின்றனர். நிறம் தன்னளவில் எதையும் மறைக்காது என்பதும், அடியிலுள்ளதை மேலும் எடுத்துக்காட்டும் என்பதும் அத்தொழிலுக்கும் இத்தொழிலுக்கும் பொது. காரின் பிரைமர் காய்ந்தபின் அதன்மேல் கறுப்புப் பெயிண்டைத் தூறலாகத் தெளித்து, 400ஆம் எண், பின்னர் 800ஆம் எண் தாளால் தேய்க்கும்போது, பள்ளங்களில் மட்டும் கறுப்பு எஞ்சி நின்று தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

நிறம் அடிக்கும் நாளைத் தேர்ந்தெடுப்பதில் திருப்பரங்குன்றத்தின் வானிலைக்குப் பெரும் பங்கு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் இச்சமவெளியில் ஆடி மாதம் அதிக மழையைத் தருவதில்லை, காற்றையும் புழுதியையும் தருகிறது. அப்போது அடித்த பூச்சு உப்புத்தாளாகவே மாறிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையின் ஈரக்காற்று. தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்வதால், காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து, லேக்கர் வகைப் பூச்சு பால் கலந்ததுபோல் வெளிறிப்போகும். மார்கழியில் விடியற்காலைப் பனி, சித்திரையிலும் வைகாசியிலும் கை வைக்க முடியாத சூடு; சூடான தகட்டில் பெயிண்டுத் துளி பரவுவதற்கு முன்பே உலர்ந்து சொரசொரப்பாகும். தை பிற்பகுதி முதல் பங்குனி முற்பகுதி வரை, பனி விலகியபின் வெயில் ஏறுமுன் உள்ள இரண்டு மூன்று மணி நேரமே இவ்வூரில் இவ்வேலைக்கு வாய்த்த பொழுது. தரையை நனைத்துவிட்டுத் தொடங்கினால் புழுதி எழாது.

நிறத்தைப் பொறுத்தவரை, ஒவ்வொரு காருக்கும் ஆலை இட்ட குறியீடு கதவு இடுக்கிலோ பானெட்டுக்கு அடியிலோ ஒட்டுச்சீட்டில் இருக்கும். மாருதியின் சுப்பீரியர் ஒயிட்டுக்கு 26யூ என்பதுபோல. அக்குறியீட்டைக் கொண்டு கடையில் கலந்து வாங்கியதும் வேலை முடிந்துவிட்டதாக எண்ணக் கூடாது, ஏனெனில் கலவை புதுக் காரின் நிறம், வாசலில் நிற்பதோ பத்தாண்டு மதுரை வெயிலில் நின்ற கார். ஒரு தகரத் துண்டில் அடித்து, காயவிட்டு, கதவின் அருகே பிடித்து, நிழலிலும் வெயிலிலும் பார்த்த பின்னரே முடிவு செய்ய வேண்டும். வெற்று வெள்ளை எளிது. வெள்ளி நிறத்தில் கலந்துள்ள அலுமினியத் துகள்கள் எந்தக் கோணத்தில் படுக்கின்றன என்பதைப் பொறுத்தே சாயல் மாறுவதால், அதே குப்பியை இருவர் அடித்தால் இரு நிறம் வரும். முத்து வெள்ளை மூன்று அடுக்கு வேலை. அதை வீட்டில் தொடாதிருப்பதே அறிவுடைமை.

அடிக்கும் கை தகட்டிலிருந்து ஒரு சாண் தொலைவில், அதற்கு இணையாக நகர வேண்டும். மணிக்கட்டு மட்டும் விசிறிபோல் ஆடினால் நடுவில் கனமும் ஓரத்தில் வறட்சியும் விழும். கை நகரத் தொடங்கிய பின்னரே விசையை அழுத்தி, பகுதியைத் தாண்டிய பின்னரே விட வேண்டும். ஒவ்வோர் ஓட்டமும் முந்தியதன் பாதியை மூட வேண்டும். முதல் பூச்சு தூறல், அடியிலுள்ளது தெரியத்தான் செய்யும். ஒரே பூச்சில் மூடிவிட முயல்பவருக்குப் பெயிண்டு கண்ணீராக வழியும். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே பத்து நிமிடம் ஆறவிட வேண்டும். டாஷ்போர்டுக்குப் போடும் சிலிக்கோன் பாலிஷ் இம்மியளவு தகட்டில் ஒட்டியிருந்தாலும் பெயிண்டு அங்கே விலகி, மீன் கண்போல் வட்டக் குழிகள் தோன்றும் என்பதால், தொடக்கத்திலேயே அதற்குரிய துடைப்புத் திரவத்தால் துடைத்தல் கட்டாயம். கிளியர் கோட்டை ஒரு தகட்டின் நடுவில் நிறுத்தக் கூடாது. கதவின் விளிம்பு அல்லது உடலின் மடிப்புக்கோடு வரை கொண்டுசென்று முடித்தால் இணைப்பு கண்ணுக்குப் படாது.

தீங்கு எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பட்டறைகள் இன்று பயன்படுத்தும் இரு கலவைப் பாலியூரித்தேன் பெயிண்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் எனப்படும் சேர்மங்கள் உள்ளன. 1984இல் போபாலில் கசிந்த மீத்தைல் ஐசோசயனேட்டும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஹார்டனரில் இருப்பது அந்த நச்சு வாயு அன்று எனினும், அதன் தூவானத்தைச் சுவாசிப்போருக்குத் தீராத ஆஸ்துமா உண்டாவது மருத்துவ உலகம் நன்கறிந்த தொழில்நோய். மணம் எச்சரிக்காது, கைக்குட்டையோ சாதாரண முகமூடியோ தடுக்காது. வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய் வழியே செலுத்தும் முகக்கவசமே அதற்குக் காப்பு. அந்த வசதி இல்லாத வீட்டில் இரு கலவைப் பெயிண்டை அடிக்கவே கூடாது. கிளியர் கோட்டை மட்டும் பட்டறையில் கொடுத்து அடித்துக்கொள்வதில் கௌரவக் குறைவு எதுவுமில்லை. சாதாரண ஸ்பிரே குப்பிக்கும் கரிம ஆவியைத் தடுக்கும் கார்பன் வடிகட்டி முகமூடி வேண்டும். தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து செல்வது; வாசற்படியில் எரியும் அகல்விளக்கும் சமையலறை அடுப்பும் அதற்கு அதிகத் தொலைவில் இல்லை. மொட்டை மாடியில் அடுத்த வீட்டார் காயப்போட்ட வடகமும் துணியும் நனைந்து நிறம் பெற்றால் எழும் பிரச்சினை வேறு வகை.

பழுதுபட்ட பகுதியைப் பழைய நிறத்திலேயே பூசுவதற்கு எவர் அனுமதியும் தேவையில்லை. முழுக் காரின் நிறத்தையும் மாற்றினால், பதிவுச் சான்றிதழில் நிறம் குறிக்கப்பட்டிருப்பதால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அதைத் திருத்திப் பதிந்தாக வேண்டும். இராணுவத்துக்குரிய ஆலிவ் பச்சையைத் தனியார் வாகனத்துக்கு அடிப்பதை 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் தடுக்கின்றன. பழைய ஜீப்பை அழகுபடுத்துவோர் சிலர் இதை அறியாமல் அபராதத்துக்கு ஆளாகக்கூடும்.

அடித்து முடித்த பூச்சு தொட்டால் ஒட்டாத நிலைக்கு ஒரு மணி நேரத்தில் வந்தாலும், உள்ளே முழுவதும் இறுகச் சில வாரம் ஆகும். அதுவரை வாக்ஸ் போடக் கூடாது, உறை போட்டு மூடவும் கூடாது. நன்கு இறுகியபின் 2000ஆம் எண் தாளைச் சோப்பு நீரில் நனைத்துத் தேய்த்து, காம்பவுண்டு ஏற்றினால், ஆரஞ்சுத் தோல்போல் புள்ளிபுள்ளியாக இருந்த பரப்பு தட்டையாகிப் பளபளக்கும். மடிப்புக்கோடுகளின் மேல் தாளைப் படவிடாமல் தேய்க்க வேண்டும். பூச்சு மிக மெலிந்திருக்கும் இடங்கள் அவை.

பழைய கார் வாங்க வருவோரில் விவரம் தெரிந்தவர், ஃபிரிஜ் கதவில் ஒட்டும் சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவின் மேல் நகர்த்திப் பார்க்கிறார். தகட்டைச் சரியாக நிமிர்த்தித் தாள் கனத்துக்குப் பட்டி வைத்த இடத்தில் காந்தம் நிற்கும். நிமிர்த்தாமல் பள்ளத்தை அப்படியே பட்டியால் நிரப்பிய இடத்தில் வழுக்கி விழும். பூச்சின் கனத்தை அளக்கும் கருவி கொண்டுவருபவருக்கு இதே செய்தி எண்ணாகக் கிடைக்கிறது: ஆலைப் பூச்சு 100 முதல் 150 மைக்ரான், ஒழுங்காக மறுபூச்சு செய்தது 200 முதல் 300, பட்டி நிரம்பியது 1,000க்கு மேல். பிளாஸ்டிக் பம்பரில் காந்தம் எப்படியும் ஒட்டாது என்பதால், அங்கே வழுக்கியதை வைத்து விற்பவரோடு சண்டைக்குப் போக வேண்டியதில்லை.